காபன் ஐயாவும் பதில் வராத நான்கு பெட்டிகளும்

பதில் வராத கடிதங்களுக்கு இந்த நாட்டில் ஒரு தலைநகரம் உண்டென்றால் அது கொழும்பு அல்ல. நோர்வூட்டில் காபன் ஐயாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த நான்கு தேயிலைப் பெட்டிகள்தான். அவரைப் போலக் காத்திருக்கத் தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. எனக்கோ தேத்தண்ணி ஆறும்வரைகூடப் பொறுமை கிடையாது.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். ஹட்டன் தபால் கந்தோர்ப் பக்கம் ஒரு தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்து, தேயிலைத் தோட்டத்து மக்களுக்காக அரசுக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதிக் கொடுப்பவர். எதை எழுதினாலும் அடியில் காபன் தாள் வைத்து ஒரு பிரதி எடுத்துக்கொள்வார். மகளின் கல்யாணப் பத்திரிகைக்கே பிரதி எடுத்தார். சம்பந்தி வீட்டார் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அவரிடம் நான் போய் விழுந்தது என் சொந்தப் பயத்தால். மலைநாட்டில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகக் கிளையின் நூலகத்துக்கு நான் பொறுப்பு. (பெயர் வேண்டாம். எனக்கு இன்னும் பென்சன் வரவில்லை.) சமூகப்பணிப் பட்டப்படிப்பு ஒன்று தொடங்க வேண்டும்; அதற்கு அனுமதி கிடைக்க, முதலில் நூல்கள் சேர வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி: உள்ளூர் ஆவணத் தொகுப்பு உண்டா, இல்லையா? இல்லை என்றால் ஐந்து வரியில் காரணம் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஐந்து வரிக்குப் பயந்து 'உண்டு' என்று புள்ளடி போட்டேன். அன்று முதல் தொலைபேசி அடித்தாலே பரிசோதிக்க வருகிறார்கள் என்றுதான் நினைப்பேன்.

உண்மையில் என்னிடம் இருந்தவை வெளிநாட்டுக்காரர்கள் அன்பளித்த புத்தகங்கள். பனி கொட்டும் ஊரில் தனியே வாழும் முதியவரைப் பார்க்கப் போகும்போது என்ன சப்பாத்து அணிய வேண்டும் என்று ஒரு முழு அத்தியாயம். போதாததற்கு, அவசரத்தில் தலைப்பில் 'சமூக' என்று கண்டதையெல்லாம் வாங்கிப் போட்டதில், எறும்புகளின் சமூக வாழ்க்கை பற்றிய தடித்த புத்தகமும் வந்து சேர்ந்தது. அதையும் அடுக்கினேன். இரண்டு புத்தகத்தின் இடத்தை அடைத்தது.

லிந்துலையிலிருந்து ஒரு பிள்ளை வாரம் தவறாமல் போன் பண்ணும். அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். கொழும்பில் கிடைத்த துணிக்கடை வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை இந்தப் படிப்புக்காக உட்கார்ந்திருந்தது.

"சேர், அந்தப் படிப்பு வந்துருச்சுங்களா?"

"வந்துக்கிட்டே இருக்கும்மா" என்பேன், ஏதோ ஹட்டனைத் தாண்டி பஸ்ஸில் வருவதுபோல.

காட்டுவதற்கு உள்ளூர் ஆவணம் வேண்டி காபன் ஐயாவிடம் போனேன். "ஐயா, அந்தப் பழைய பெட்டிசத்தையெல்லாம் லைப்ரரிக்குக் குடுத்துருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுங்க பழசு? எல்லாம் ஓடிக்கிட்டிருக்கிற வெசயம். லிந்துலையில ஒரு லயத்து வீட்டு வரிசைக்குக் கக்கூஸ் கேட்டது, பதில் வரல. நோட்டன் பிரிட்ஜ்ல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஒரு பாலம் கேட்டது, பதில் வரல. பதில் வராததக் கொண்டுபோயி அலுமாரியில வச்சா செத்துரும் சேர்."

"அப்ப பதில் வந்ததக் குடுங்க."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "இந்தா இருக்கு. 'உங்கள் கடிதம் கிடைத்தது'ன்னு போட்டிருக்காங்க."

ஆனாலும் மறுநாள் நூலகத்தைப் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு எறும்புப் புத்தகத்தை எடுத்து, படங்களைப் பார்த்தே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்.

"சேர், எறும்புக்குக்கூட முட்டைக்குத் தனி ரூம், சாமானுக்குத் தனி ரூம் இருக்கு. நம்ம லயத்துல ஒரு காம்பராவுல எட்டுப் பேரு. இதுங்களுக்கு யாரு பெட்டிசம் எழுதிக் குடுத்தா?"

அந்த ஏக்கத்திலோ என்னவோ, பெட்டிகளைத் தரச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: யார் ஒரு பெட்டிசத்தைப் படித்தாலும், படித்து முடித்ததும் உரிய கந்தோருக்கு ஒரு நினைவூட்டல் எழுத வேண்டும். காபன் வைத்து. அப்போது இருந்த நிலையில் என் தலையைக் கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

பிறகு ஒரு வாரம் நூலகத்து வாசிகசாலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயரின் மேலும் கோதுமை மாப் பசையால் தாள் துண்டு ஒட்டினார். "ஊரு இருக்கட்டும். பேரு வேணாம். நாளைக்கு அவங்க பிள்ளைங்களே இங்க படிக்க வரும்" என்றார். அந்தரங்கம் காப்பது பற்றி என் அலுமாரியில் நானூறு பக்கத்தில் ஒரு நூல் இருந்தது. அதை யாரும் இரவல் எடுத்ததில்லை.

பரிசோதனைக் குழுவில் மூன்று பேர் வந்தார்கள். அன்றைக்கு மட்டும் வரவேண்டாம் என்று காபன் ஐயாவைக் கெஞ்சியிருந்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். குழுவில் அரசாங்கக் கந்தோர் ஒன்றிலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி ஒரு பெட்டிசத்தை எடுத்துப் படித்து, முகத்தைச் சுருக்கினார்.

"இது எங்க கந்தோருக்கு வந்ததுதானே?"

"ஆமாங்க. பதினோரு தடவ" என்றார் காபன் ஐயா, வெள்ளைத் தாளை நகர்த்தியபடி. "படிச்சுட்டீங்கல்ல. ஒரு நினைவூட்டல் எழுதிருங்க."

"நானே எங்க கந்தோருக்கு எழுதுறதா?"

"நான் எழுதினா யாருங்க மதிக்கிறாங்க? நீங்க எழுதினா மதிப்பாங்க."

எறும்புப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் வெள்ளம் புகுந்த புற்றிலிருந்து எல்லா எறும்புகளும் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கும் ஓட இடமிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதிகாரி எழுதினார். எழுதியதைத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். காபன் ஐயா கவலைப்படவில்லை. அடியில் பிரதி இருந்தது.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. 'தொகுப்பிலுள்ளவை இன்னும் நடப்பிலுள்ள விடயங்களாகையால் அவற்றை நூலகச் சேகரிப்பாகக் கருத இயலாது. அனுமதி பிற்போடப்படுகிறது.'

கடிதத்தோடு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். காபன் ஐயா இரண்டு தரம் படித்தார். முகம் மலர்ந்தது.

"'நடப்பிலுள்ள விடயங்கள்'. பாத்தீங்களா சேர்? இத்தன வருசமா நான் சொன்னத அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கு."

"ஐயா, படிப்பு போச்சு."

"எங்க போச்சு? பிற்போட்டிருக்குன்னுதான இருக்கு? உக்காருங்க, பெட்டிசம் போடுவோம்." தாளைப் பொறியில் ஏற்றினார். அடியில் காபன்.

லிந்துலைப் பிள்ளைக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். "பரவால்லங்க சேர். அந்தக் கடையில இன்னும் ஆள் எடுக்கிறாங்களாம். அங்க நின்னுக்கிட்டும் காத்திருக்கலாம்ல" என்றது. அதற்கு ஒரு பகிடி சொல்லிச் சிரிக்கவைக்கத் தேடினேன். கடைசியில் கடையின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

எங்கள் பெட்டிசத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காபன் ஐயா நூலகத்துக்கு வருகிறார். தட்டச்சு செய்த நினைவூட்டலை என்முன் வைத்துக் கையெழுத்து வாங்குகிறார். தேத்தண்ணி குடித்தபடி எந்தெந்தக் கந்தோர் இன்னும் வாய் திறக்கவில்லை என்று சொல்கிறார். ஒரே நாளில் பன்னிரண்டு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் வருடம் முழுக்க அவர் அலைய வேண்டியதில்லை. இந்த யோசனை எனக்கு வந்து நாளாகிறது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டால், திங்கட்கிழமை யார் வருவார்?