வலிக்காத முட்டிக்கு எக்ஸ்ரே

திருத்தணி,
திங்கட்கிழமை.

அன்பு மகள் எவாஞ்சலினுக்கு, அப்பா ஏசுவடியான் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சௌக்கியம், என் நாக்கைத் தவிர. மதுரையில் நீ டாக்டர் பயிற்சி எடுக்கும் சௌக்கியத்தை உன் அம்மா வாய் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன், நாளைக்கு நீயே அங்கே வேலைக்கு வந்தால் வம்பு. பக்கவாதம் வந்ததிலிருந்து எனக்குப் புத்தி சரியாக ஓடுகிறது, எழுதுகிற கையும் ஓடுகிறது, வாய் மட்டும் மேடு ஏறுகிற லாரி. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம். டாக்டரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தேன்: என் பேச்சு பழையபடி திரும்புமா? அதை வீட்டிலேயே சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். அங்கே இருந்தது உன்னை மாதிரிப் பயிற்சி டாக்டர், இளம்பரிதி என்று சட்டையில் பெயர். நல்ல பையன், தூங்கி நாளான முகம். என்னைப் பார்த்து, "தாத்தா! நல்லா இருக்கீங்ளா!" என்று செவிடனிடம் கத்துகிற மாதிரிக் கத்தினான். என் காதுக்கு என்னடா கேடு என்று நான் வாயைத் திறப்பதற்குள், உன் அம்மா பக்கம் திரும்பி, "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டுவிட்டான்.

என் தேவசுந்தரியை யாராவது அப்படிக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! பிடித்துக்கொண்டாள். "ராத்திரில தூக்கமே இல்லீங்க. முட்டி வலிச்சிகினே கீது, உயிர் போவுது. ரெண்டு இட்லி துன்னாலும் நெஞ்சு கரிக்குது." அத்தனையும் அவளுடைய வியாதி. பையன் அத்தனையையும் என் சீட்டில் எழுதுகிறான். சும்மா இருக்க முடியுமா? முட்டி என்னுடையது இல்லை தம்பி என்று சொல்லப் போய், முதல் வார்த்தையைத் தள்ளு தள்ளென்று தள்ளி வெளியே கொண்டுவந்தேன். "முட்... டி..." "ஆங், பாருங்க, அவரே சொல்றாரு" என்று எழுதி முடித்துவிட்டான். சக்கர நாற்காலியில் உருட்டிக்கொண்டு போய் இரண்டு முட்டிக்கும் எக்ஸ்ரே. இளவட்டத்து முட்டி மாதிரி இருக்கிறதாம், பையனுக்கு ஒரே ஆச்சரியம். அவன் கொடுத்த தைலத்தைத் தடவிக்கொண்டு உன் அம்மா இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். என் கேள்வி என் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது.

நான் யாரு? ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் கண்டக்டர். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துல "உள்ள போ, உள்ள போ"ன்னு ஒரு சத்தம் போட்டா டிரைவரே நவுந்து உக்காருவாரு. இப்ப என் பேச்ச எல்லாரும் எனக்கு முன்னாடியே முடிச்சி வச்சிடறாங்க, அதுவும் தப்பா.

எவா, அந்தப் பையன் மேல எனக்குக் கோவமில்ல. அவன் ஊரான் வீட்டுப் புள்ள. நீயும் அதத்தான செய்யற? "அப்பா, மாத்திர போட்டீங்ளா? சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க." நான் மூச்சு இழுக்கறதுக்குள்ள போன் கை மாறிடுது. நீ பள்ளிக்கூடம் போறப்ப, கடைசி டிரிப் முடிச்சி நான் வந்தா, சோறு காஞ்சி போற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிகினே இருப்போமே. அந்தப் பேச்சுக்கு ஏங்கிப் போயிருக்கேன் கண்ணு. உன் வார்டுல வாய் திக்கற ஆளு யாராவது வந்தா, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. அவன் சொல்லி முடிக்கட்டும். அப்படியே ஒரு நாள் எனக்கும் உக்காரு. அரை மணி நேரம் போதும், பக்கவாதம் வந்ததுலேருந்து சேந்து கெடக்கற பேச்செல்லாம் கொட்டிடுவேன்.

பக்கத்து வீட்டு நஜீர் பாய் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். கர்த்தர் உன் தூக்கத்தையும் விடுதிச் சோற்றையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் வாயாடி அப்பா,
ஏசுவடியான்.

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் உன் போன் வந்தது. அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்ததால் நானே எடுத்தேன். "அம்மா இல்லியா? சரி, நீங்க சொல்லுங்கப்பா, நான் வச்சிட மாட்டேன்" என்றாய். நிஜமாகவே வைக்கவில்லை. நீ மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. மேலே எழுதிய இத்தனை பேச்சில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. "சாப்... டியா?" என்றேன். "சாப்ட்டேன்ப்பா" என்றாய். அவ்வளவுதான். அதனால் அரை மணி நேரம் கேட்டதை நம்பாதே, என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்த திங்கட்கிழமையும் அம்மாவுக்கு ஜெபக் கூட்டம் இருக்கிறது. அதே நேரத்துக்குப் போன் பண்ணு.