சம்பந்தியின் பல் என்னிடம் இருக்கிறது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். உங்கள் அப்பாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவருடைய மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டு பல் செட்டும் எங்கள் சமையலறை ஜன்னலோரம் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீருக்குள் கிடக்கிறபோது அப்படி எழுதக் கை வரவில்லை. பதற வேண்டாம், விபத்து ஒன்றுமில்லை. அவராகவே கழற்றி வைத்ததுதான். என் மகளிடம் இப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து நிற்பாள்.

உங்கள் அம்மா போன பிறகு உங்கள் அப்பா ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்ததும், நான் வம்படியாக அவரை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையில் ஒரு தூண்டிலைத் திணித்ததும் உங்களுக்குத் தெரியும். மீன் ஒன்றும் பெரிதாகச் சிக்கவில்லை. ஆனால் மனிதர் பேச ஆரம்பித்தார், பிறகு சிரிக்கவும் ஆரம்பித்தார். நான் செய்து கொடுத்த பல் அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று எனக்கும் ஒரு பெருமை. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது எந்த நேரத்தில் வாயைத் திறந்தேனோ, "கரையில உக்காந்தா பொடி மீன்தான் வரும் சம்பந்தி, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்னப் படகு வாங்கிடலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மலர்ந்த வேகத்திலேயே அலுமினியம் என்றார். நான் ஃபைபர் என்றேன். வினை ஆரம்பித்தது அங்கேதான்.

உங்கள் அப்பா வாழ்நாளெல்லாம் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டியவர். தகடும் ரிவெட்டும் இருந்தால் உலகத்தில் எதையும் கட்டிவிடலாம் என்று நம்புகிறவர். நானோ பல் மருத்துவரின் பின்னறையில் உட்கார்ந்து அச்சில் பல் செட் வார்த்தே காலம் கழித்தவன். வார்த்தெடுத்த பொருளில் ஒட்டு கிடையாது, அதனால் ஒழுகாது என்பது என் கட்சி. அலுமினியம் இலேசு, காரின் தலையில் நாமே ஏற்றிவிடலாம், பாறையில் மோதினால் நசுங்குமே தவிர உடையாது, சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. நசுங்கிய இடத்தில் ரிவெட் தளர்ந்து தண்ணீர் கசியும், உள்ளே ஒரு டப்பா மூடி விழுந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஏரி மீனெல்லாம் அடுத்த ஊருக்குக் குடிபோய்விடும், கொஞ்சம் காற்றடித்தால் போதும், படகு நம்மைக் கேட்காமலே கிளம்பிவிடும் என்றேன். ஃபைபரைத் தூக்கினால் இருவரில் ஒருவர்தான் ஏரிக்குப் போய்ச் சேருவோம் என்றார் அவர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் நின்றோம்.

சரி, நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று படகுக் கடைக்குப் போனோம். புறப்படும்போதே உங்கள் அத்தை, இருவருக்கும் நீச்சல் தெரியாதே, முதலில் அதற்கு ஒரு வழி பாருங்கள் என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. கடையில் இரண்டு படகும் அருகருகே கட்டைகள் மேல் நின்றன. உங்கள் அப்பா அலுமினியப் படகை விட்டு நகரவே இல்லை; ரிவெட் ரிவெட்டாகத் தடவிக்கொண்டிருந்தார். ஃபைபர் எவ்வளவு நிலையாக நிற்கும் என்று காட்டலாமென்று நான் அந்தப் படகில் ஏறி நின்றேன். கட்டை சரிந்தது, படகு சாய்ந்தது, நான் இரண்டு பலகைகளுக்கு நடுவே இடுப்போடு மாட்டிக்கொண்டேன். விற்பனையாளர் ஒரு கையையும் உங்கள் அப்பா ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். "தரையிலயே கவுந்துட்டீங்களே சம்பந்தி" என்று உங்கள் அப்பா சிரித்தார், விற்பனையாளரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் கட்டிய பஸ்ஸில் மழைக்கு ஒழுகாத பஸ் ஒன்று உண்டா என்று அந்நிய மனிதர் முன்னால் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

உங்கள் அப்பா முகம் கறுத்துவிட்டது. "அப்போ நீங்க வார்த்தது மட்டும் ஒசத்தியா?" என்றார். வாயிலிருந்து இரண்டு வரிசையையும் கழற்றி, விற்பனையாளரின் மேசை மேல் வைத்தார். பிறகு ஏதோ சொன்னார். பல் இல்லாததால் விற்பனையாளருக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கியது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் இல்லையா, பேசாமல் ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள் சார் என்றார் அந்த விற்பனையாளர்.

அன்றிலிருந்து உங்கள் அப்பா ஏரிக்கு வருவதில்லை, போனை எடுப்பதில்லை. பல்லைக் கொண்டுபோனேன், கதவு திறக்கவில்லை. பாலில் ரொட்டியை ஊறவைத்துச் சாப்பிடுகிறார் என்று கேள்வி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் மாப்பிள்ளை, ஜன்னல் திரையை மறுபடி இழுத்து மூடிவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் தனியாக ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறேன். மீன் கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்ளக்கூடப் பக்கத்தில் ஆளில்லை.

ஆகையால் நீங்கள் உடனே உங்கள் அப்பாவோடு எப்படியாவது பேசி, அலுமினியமே வாங்கச் சொல்லிவிடுங்கள். மாமா இறங்கி வந்துவிட்டார் என்று சொல்ல வேண்டாம், நீங்களாக யோசித்துச் சொன்னதுபோல் சொல்லுங்கள். என் முழங்காலைக் கேட்டால் அதுவும் அலுமினியம் என்றுதான் சொல்கிறது. எனக்கு எந்தப் படகானாலும் சரி, அவர் எதிர்ப் பலகையில் உட்கார்ந்தால் போதும்.

நீங்களும் என் மகளும் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே பொருளைக் கைகாட்ட வேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அழைப்பு மணி அடித்தது. உங்கள் அப்பா. நேராக உள்ளே வந்து, கிண்ணத்திலிருந்து பல்லை எடுத்துக் குழாயில் அலசி மாட்டிக்கொண்டு, மேசையில் இருந்த ஆப்பிளைக் கடித்துத் தின்று முடித்தார். "இத்தனை வருஷமா என்னென்னவோ கடிச்சிருக்கேன் சம்பந்தி, நீங்க வார்த்த இதுல ஒரு கீறல் விழல. நாம ஃபைபரே வாங்கிடலாம்" என்றார். ஆனால் அந்தக் கனத்தை யார் தூக்குவது? அலுமினியம்தான் புத்திசாலித்தனம் என்றேன். இல்லை, ஃபைபர்தான் என்கிறார். இந்தக் கடிதத்தையும் எடுத்துப் படித்துவிட்டார். பஸ் ஒழுகியது ஜன்னல் ரப்பரால், தகட்டால் அல்ல என்று எழுதச் சொல்கிறார், எழுதிவிட்டேன். மேலே நான் கேட்டபடி அவரிடம் பேச வேண்டாம். அவரே உங்களைக் கூப்பிட்டு ஃபைபருக்கு ஆதரவு கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். சத்தம் தாங்காமல் உங்கள் அத்தை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாளைக் காலை ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதாக ஏற்பாடு. சண்டை போன தடவையைவிடப் பெரிது. ஆனால் இந்தத் தடவை உங்கள் அப்பா பல்லைக் கழற்றவில்லை.