அறுபது கன்றும் பதினொரு கம்பளியும்

"மூணு கன்னு முதுகு வளைஞ்சிருச்சு பொன்னையாண்ணே!" நாற்றுமேடையிலிருந்து யூஜினா கத்தினாள்.

தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை பொன்னையா ஓடிவந்து பார்த்தார். உறைபனிக்குப் பயந்து யூக்கலிப்டஸ் கன்றுகளின் மேல் அவள் சாக்கைப் போர்த்தியிருந்தாள். மூடுபனியில் ஊறிய சாக்கு கன்றுகளை அமுக்கிவிட்டது. உறைபனி இன்னும் விழவே இல்லை. இதுவரை கன்றுகளுக்கு ஒரே எதிரி யூஜினாதான்.

"ஆராய்ச்சி ஐயா வியாழக்கெழம வந்து எண்ணுவாரு. அறுபதும் ஒன் பொறுப்பு," என்றார் பொன்னையா. அவருக்குத் தெரிந்ததே அவ்வளவுதான்.

முழங்கால் வலியோடு மலையேறிக் கொழுந்து பறித்தவளுக்கு இந்த வேலை கிடைத்தது மாதாவின் கருணை. கன்று செத்தால் மறுபடியும் கூடையைத் தூக்க வேண்டியதுதான். வளைந்த மூன்றையும் குச்சி வைத்து நிமிர்த்திக் கட்டினாள்.

மறுநாள் மாலை தேயிலைச் செடிகளில் வெட்டிப்போட்ட கவாத்துக் குச்சிகளைக் குவித்துப் புகை போட்டுப் பார்த்தாள். கன்றுகளுக்குப் போட்ட புகை காற்றோடு தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குள் புகுந்தது. லயமே இருமியது.

"எங்கள கருவாடாக்கப் போறியாடி?" பக்கத்து வீட்டு மீனம்மா வாளித் தண்ணீரோடு வந்து நெருப்பை அணைத்தாள். ஆனாலும் யூஜினாவின் முகத்தைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. "சரி, இப்ப ஒனக்கு என்னதான் வேணும்?"

"நாளைக்கு உறைபனி விழும்னு ரேடியோல சொன்னாங்கக்கா. ஒரு ராத்திரிக்குக் கம்பளி குடுத்தா போதும்."

புதன் மாலை பதினொரு வீட்டிலிருந்து பதினொரு கம்பளி வந்தது. யூஜினா மூங்கில் குச்சிகளை வளைத்து நட்டு, மேலே கம்பளிகளைப் போர்த்திவிட்டு, வீடு வீடாகப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் படுத்தாள்.

வியாழன் காலை புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது. கம்பளிகளை எடுத்துப் பார்த்தால் அறுபது கன்றும் பச்சைப் பசேலென்று நின்றன. கம்பளிகளைத் திருப்பிக் கொடுத்து, பதினொரு வீட்டுக்கும் மறுபடி நன்றி சொன்னாள். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கென்ன, போ," என்றார்கள். எவ்வளவு அடக்கமான சனங்கள்!

ஆராய்ச்சி அதிகாரி திலக்ஷன் எண்ணி முடித்துவிட்டுத் துள்ளிக் குதிக்காத குறை.

"அறுபதும் தப்பிச்சிருச்சு! பனியில எத்தன சாகுதுன்னு பாக்கத்தான் வெளிய வச்சேன். இனி தைரியமா கீழ்ப் பள்ளத்துல இந்த இனத்துலயே பத்தாயிரம் நடலாம். அதுக்கும் ஒங்களையே பொறுப்பா போடச் சொல்றேன்."

யூஜினா வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும். பத்தாயிரம் கன்றும் பள்ளத்துப் பனியில் கருகும்.

"ஐயா... நான் கம்பளி போத்திட்டேங்க."

திலக்ஷன் குறிப்புப் புத்தகத்தை மூடினார். "அப்ப பனியே படாத இதுக எதுக்குமே ஆகாதும்மா. எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுருங்க. ஒங்களையும் இனி இங்க வச்சிருக்க ஏலாது."

"என் தப்புத்தாங்க ஐயா. லயத்துச் சனங்கள மட்டும் ஒண்ணும் சொல்லிறாதீங்க. ராத்திரி பூரா குளிர்ல நடுங்கி என் கன்னுகள காப்பாத்துன தெய்வங்க," என்று யூஜினா அழுதேவிட்டாள்.

கூடையோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்த மீனம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"நாங்க எங்கடி நடுங்குனோம்? நீ படுத்த கையோட ஆளுக்கொரு கம்பளிய உருவிக்கிட்டு வந்துட்டோம், விடியுமுன்னதான் திருப்பிப் போத்துனோம்!"