நாடகம் தேடித் தருபவர்

நாடகத்தை நேசிக்கிறவர் நாடகம் பார்த்தே ஆக வேண்டுமா? தத்துவக்காரர்கள் யாரும் இந்தக் கேள்வியைத் தொட்டதாகத் தெரியவில்லை. நான் சொல்லப்போகும் மனிதரின் வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்விதான். வேண்டாம் என்பதே அவர் வாழ்ந்து காட்டிய பதில்.

இந்த இனத்துக்கு 'நாடகம் தேடித் தருபவர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். அரங்குகளைப் பூட்டி, ஆட்களை வீட்டுக்குள் அடைத்து, முகத்துக்கும் மூடி போட்ட அந்தத் தொற்றுக் காலத்தில் இது பல்கிப் பெருகியது. நம் கையில் இருக்கும் மாதிரி, ஒரு பள்ளிக்கூடத்தின் உதவித் தலைமை ஆசிரியர். முப்பது வகுப்புகளுக்குக் கால அட்டவணை போட்ட கை, பள்ளி மூடியதும் அரிப்பெடுத்தது. எந்தக் குழு எத்தனை மணிக்கு இணையத்தில் நாடகம் போடுகிறது, யார் எந்தத் திறந்தவெளியில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு நடிக்கிறார்கள் என்று துருவித் துருவித் தேடி, மூன்று நிற மையில் கட்டம் கட்டி, வெள்ளிக்கிழமை காலையில் நூற்றெண்பது பேருக்கு அனுப்பிவிடுவார். பார்ப்பாரா? அட்டவணை போடுகிறவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

நுழைவார். கேமராவை அணைப்பார். திரையைப் படமெடுத்து, 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று நண்பர்களுக்கு அனுப்புவார். நான்காவது நிமிடம் அடுத்த நாடகத்துக்குத் தாவிவிடுவார். மறுநாள் அபிப்பிராயம் மட்டும் முழு நீளத்துக்கு வரும்.

"எல்லாம் சரிதான், ஆனா நேர்ல பாக்கற மாதிரி வருமா சார்?"

சரி, நேரில் வாருங்கள் என்று கூப்பிட்டாலோ, "இந்த நேரத்துல கூட்டத்துல போய் உக்காரச் சொல்றீங்களே, ஆன்லைன்ல போட்டா என்ன?"

இரண்டுமே நியாயம். இரண்டு நியாயங்களுக்கும் நடுவே ஒரு சோபா இருந்தது.

இவருடைய தங்கை நடிகை. அரங்கு மூடியதும், படுக்கையறை அலமாரிக்கு முன்னால் நின்று தனியாளாகக் கணினிக்கு நடித்துக்கொண்டிருந்தாள். எதிரே, கேமராவை அணைத்துவிட்ட பதினொரு பேரின் கறுப்புக் கட்டங்கள். எத்தனை நாள்தான் சுவருக்கு நடிப்பது? ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அண்ணா, நீ கைதட்ட வேணாம். கேமராவை மட்டும் போட்டுட்டு உக்காரு. பாத்து நடிக்க ஒரு முகம் இருந்தா போதும்."

"இதெல்லாம் நீ சொல்லணுமா? அட்டவணையில உனக்குத்தான் சிவப்பு மை!"

அதே நேரத்தில் வேறு இரண்டு நாடகங்கள் இருந்தன. நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? கன்னத்தில் கைவைத்து லயித்துப் பார்ப்பதுபோல் தன்னையே ஒரு புகைப்படம் எடுத்தார். தன் கட்டத்தில் அதை ஒட்டினார். போய்விட்டார்.

முடிந்ததும் தங்கை அழைத்தாள்.

"எப்படி இருந்துச்சுண்ணா?"

"பிரமாதம் போ! அதுலயும் அந்தக் கடைசிக் காட்சி இருக்கே..."

"கடைசிக் காட்சி நான் நடிக்கவே இல்லையே. பாதியில நின்னுட்டேன், உன்னையே பாத்துக்கிட்டு. மத்தவங்க எல்லாம் 'என்னாச்சு, என்னாச்சு'ன்னு கேட்டாங்க. நீ மட்டும் ரசிச்சுக்கிட்டே இருந்தே."

இவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு கார் ஷெட்ல பன்னெண்டு நாற்காலி போட்டு நேர்ல நடிக்கிறேன். அதோட சரி. மறுநாள் அந்த வேலைக்கு வரேன்னு சொல்லிடப் போறேன். இதை அட்டவணையில போட வேணாம்ணா."

சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 'கட்டாயம் பார்க்கிறேன்' என்று வாக்குக் கொடுத்து, பார்க்காமலே 'அருமை' என்று நீங்கள் எழுதி அனுப்பியவை எத்தனை? கடைசிக் காட்சியைப் பற்றி உங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றால், அது அவர்களுடைய பெருந்தன்மை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"ஏங்க, ஃபோனை வச்சுட்டுப் போறீங்க!" என்று மனைவி கத்தினார்.

"தெரியும்."

பன்னிரண்டில் ஒரு நாற்காலியில், முதல் வரியிலிருந்து விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை அந்த அலுவலகம் தொலைபேசி எடுக்க வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

பார்க்காத நாடகங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர், முழுதாகப் பார்த்த அந்த ஒன்றைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை. நானும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். எழுந்து போய்விட்டார்.