கங்காதரன் கிரயமான கதை

மகன் என்பவன் தகப்பனுடைய உடைமை. அவன் உடுப்பதும் உண்பதும் சம்பாதிப்பதும் தகப்பனையே சேரும். ரோமாபுரியில் பல நூறு வருஷம் அமலில் இருந்த சட்டம் இது என்று, 1947ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், சென்னையில் முதலாண்டு சட்ட மாணவர்களுக்கு ஒரு பேராசிரியர் அறிவித்தார். அப்பன் பிள்ளை, வாங்கினவன் விற்றவன், அண்டைவீட்டுக்காரன் என்று மனிதனுக்கும் மனிதனுக்கும் வருகிற வழக்குக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறதாம். பிள்ளைகள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

திருத்தணிக் கங்காதரன் மட்டும் எழுதவில்லை. அவன் கை தானாகத் தலைக்குப் போயிற்று. நெற்றியில் ஒரு சுருள் விழ, பின்னால் அலை அலையாக, தேங்காய் எண்ணெயைத் துறந்து வாசனைப் பசை தடவி வளர்த்த பம்பாய் கிராப்பு அது. மகன் சட்டக் கல்லூரியில் சேர்ந்தால் அந்தத் தலையை மொட்டையடிப்பதாக அவன் தகப்பனார் தேசப்பன் மலைமேல் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். சேர்ந்தாயிற்று. ஆடிக் கிருத்திகையும் நெருங்கிவிட்டது.

பேராசிரியர் பக்கத்தைப் புரட்டினார். "தகப்பன் மகனை மூன்று தரம் விற்றுவிட்டால், மகன் தகப்பன் பிடியிலிருந்து விடுபடுகிறான்."

கங்காதரன் சாயங்கால ரயிலிலேயே ஊருக்குப் புறப்பட்டான்.

தேசப்பன் நிலபுலன் உள்ளவர். சட்டத்தின் முதல் பாதியைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "பையன் அப்பனுக்குச் சொத்து! ஆங், ரோமாபுரிக்காரன் இன்னா மாதிரி சொல்லிக்கீறான் பார்!"

"மீதியும் கேளு நைனா. மூணு தரம் வித்தா எனக்கு விடுதலை. அப்புறம் என் தலைமேல உனக்குப் பாத்தியதை கெடையாது."

"நான் எதுக்குடா உன்ன விக்கணும்?"

"விக்க முடியாதது இன்னா சொத்து நைனா? நான் உன் சொத்துன்னா வித்துக் காட்டு."

தேசப்பன் யோசித்தார். நிலம் வாங்கியிருக்கிறார், மாடு விற்றிருக்கிறார். எப்படிப் பார்த்தாலும் இந்த வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. அவர் மைத்துனர் பெருமாள் வாங்க முன்வந்தார். "எங்க அக்கா பெத்தது. கண்டவன் கைக்குப் போவ வேணாம் பாவா, நானே எடுத்துக்கறேன்."

மூவரும் பத்திரம் எழுதிக்கொண்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனார்கள். மனிதனை விற்கக் கூடாது என்று அதிகாரி சொல்லிவிடுவாரோ என்று கங்காதரனுக்கு உள்ளுக்குள் பயம். அதிகாரி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பத்திரத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "நான்கெல்லை எங்கே?" என்றார்.

"எல்லைங்களா? இது மனுசனுங்களே" என்றார் தேசப்பன்.

"எல்லை இல்லாத சொத்தை சர்க்கார் அங்கீகரிக்காது. தம்பி, அப்படி நடுவில் போய் நில்."

கங்காதரன் போய் நின்றான். கிழக்கே சன்னல், மேற்கே தகப்பன், வடக்கே தண்ணீர்ப் பானை, தெற்கே அதிகாரி, இதற்குட்பட்ட உருப்படி ஒன்று என்று குமாஸ்தா எழுதினார். முத்திரை விழுகிற வரையில் சொத்து நகரக் கூடாது என்று உத்தரவாயிற்று.

ரோமாபுரி முறைப்படி ஐந்து சாட்சியும் ஒரு தராசும் செப்புக் காசும் வேண்டும் என்றான் கங்காதரன். ஆபீஸ் வாசலிலேயே எதற்கும் சாட்சி போடத் தயாராக ஒன்பது பேர் இருந்தார்கள். தராசு ரேஷன் கடையிலிருந்து வந்தது. காசு வைப்பதற்கு முன்பே ஒரு தட்டு சாய்ந்திருந்தபடியால் சடங்கு சீக்கிரம் முடிந்தது.

வாங்கின பொருளைச் சும்மா வைத்திருக்கப் பெருமாளுக்கு மனம் வரவில்லை. ஒரு பகல் முழுதும் கங்காதரனை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச விட்டுவிட்டு, பிறகு விடுவித்தார். சட்டப்படி அவன் மறுபடி தகப்பனுக்கே சொந்தமானான். இரண்டாம் கிரயம் நடந்தது. அந்தத் தடவை எரு சுமந்தான். அத்தனையிலும் கிராப்பு கலையாமல் துண்டு கட்டிக் காப்பாற்றினான்.

மூன்றாம் தடவை அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஒரே சொத்து இப்படிக் கைமாறினால் விசாரிக்க வேண்டியிருக்கிறது. வில்லங்கம் ஏதாவது உண்டா?"

தேசப்பன் பொய் சொல்லமாட்டார். "ஒண்ணு கீதுங்க. அவன் முடி முருகனுக்கு நேர்ந்துகினது."

அதிகாரி எழுந்து, மலை இருக்கும் திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, "தலைமயிர் நீங்கலாக என்று எழுதும்" என்றார் குமாஸ்தாவிடம்.

"ஐயா! முடி என் தலையிலதானே கீது!"

"சாமி சொத்தை விற்கலாம் என்று உங்கள் ரோமாபுரியில் சட்டம் இருக்கிறதா, தம்பி?"

கங்காதரன் கை மறுபடி தலைக்குப் போயிற்று. தெய்வத்துக்கு உரியதை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது என்பது முந்தின வாரத்துப் பாடம். அதற்கு நல்ல உதாரணம் சொல்லிப் பேராசிரியரிடம் பாராட்டு வேறு வாங்கியிருந்தான்.

பெருமாள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். தேசப்பன் மகனைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினார். "இனிமே நீ யாருக்கும் சொத்து இல்லப்பா. எங்க வேணா போ. முடிய மட்டும் வெச்சிட்டுப் போ."

ஆடிக் கிருத்திகையன்று மலைமேல், காவடிக் கூட்டத்தின் நடுவே, கங்காதரனுடைய நெற்றிச் சுருள் முதலில் மடியில் விழுந்தது. அதைப் பார்த்து அவன் அழுதான். தாயார் கன்னியம்மாள் பக்தி என்று நினைத்துச் சந்தனம் தடவினாள்.

அவன் கல்லூரிக்குத் திரும்பினபோது நாடு விடுதலையடைந்த வாரம். தெருவெல்லாம் கதர்க் குல்லா. மொட்டையை மறைக்க அவனும் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டான். வகுப்பில் ஒருவன் அதைப் பிடுங்கிவிட, கூரை அதிரச் சிரித்தார்கள்.

பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "ரோமாபுரியில் அடிமைக்கு விடுதலை கிடைத்தால் தலையை மொட்டையடிப்பார்கள். பிறகு குல்லா போடுவார்கள். சுதந்திரத்தின் அடையாளமே அதுதான்."

சிரிப்பு நின்றது. அடுத்த திங்கட்கிழமை பாதி வகுப்பு மொட்டையோடு வந்தது. பம்பாய் கிராப்பு வைத்திருந்தவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கினார்கள்.

சன்னலுக்கு வெளியே ஓர் ஊர்வலம் போயிற்று. கண்ணுக்கெட்டிய வரை வெள்ளைக் குல்லா. நடைமுறை என்று வந்துவிட்டால் கங்காதரன் கண்டிப்பானவன். எழுந்து நின்றான்.

"ஐயா, இவர்களுக்கெல்லாம் குல்லா போட்டாயிற்று. மொட்டை?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சன்னலைப் பார்த்தார்.

"நம் தேசத்தில் வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். விட்டுப்போகாது. உட்கார்."