சமூக விரோதியின் மகள்

பெற்ற அப்பாவை மைதானத்தை விட்டு வெளியேற்றச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, எழுத்து மூலம் புகார் கொடுத்த மகள் கடலூர் மாவட்டத்தில் வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்தவும். துணைக்கு ஆள் இருக்கிறது என்று கொஞ்சம் மனசு ஆறும். அந்தப் புகாரில் அவரை ‘சமூக விரோதி’ என்று வேறு குறிப்பிட்டிருந்தேன். (அடிக்கோடும் போட்டிருந்தேன்.)

பத்து வருடம் கால்பந்து ஆடியவள் நான். மொத்தம் ஏழு அணிகள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஏழு அணிகள் என்னைத் தேடி வந்தன என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு அணிகள் என்னை அனுப்பி வைத்தன. ஏழாவதிலிருந்து என் முழங்கால் என்னை அனுப்பி வைத்தது. பாண்டிச்சேரி, பெங்களூர், கோவா, நடுவில் பெயர் வாயில் நுழையாத ஓர் ஒரிசா ஊர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். யாருக்காவது கல்யாணம், காய்ச்சல், பரீட்சை என்றால் அந்த இடத்தில் என்னை இறக்குவார்கள். அவள் திரும்பி வந்ததும் நான் பெஞ்சுக்குத் திரும்புவேன். பத்து வருடத்தில் இரண்டு கோல் அடித்தேன். அதில் ஒன்று எங்கள் வலையிலேயே விழுந்தது. (பார்க்க அழகாக இருந்தது அதுதான்.) அம்மா போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். “இப்ப எந்த ஊரு, எந்தக் கலர் சட்ட?” என்றுதான் கேட்பார்.

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். கடலூர் - சிதம்பரம் தடத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். என்னுடைய ஒரு மேட்ச்சைக்கூட அவர் பார்த்ததில்லை. கூப்பிட்டால் டியூட்டி என்பார். டியூட்டி இல்லாத நாளில் தலைவலி என்பார். ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியும் விசிலும் இருக்கும். எதிர்வீட்டுக்காரர் காரை ரிவர்ஸ் எடுத்தால் அப்பா கூப்பிடாமலே போய் நின்றுகொண்டு விசில் கொடுப்பார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. எங்கள் தெரு நாய்களுக்குக்கூட இந்தச் சட்டம் தெரியும்.

முழங்கால் போன பிறகு ஊருக்குத் திரும்பினேன். பயிற்சியாளர் படிப்பு ஒன்றை முடித்து, கடலூரில் ஒரு தனியார் மகளிர் கல்லூரியில் கோச்சாகச் சேர்ந்தேன். கல்லூரித் தாளாளர் அம்மா முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“ஆறு மாசம் பாக்கலாம். சிதம்பரம் டோர்னமென்ட்டுல நம்ம பொண்ணுங்க எப்பிடி ஆடுறாங்கன்னு பாத்துட்டு பர்மனென்ட் பத்திப் பேசலாம்.”

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எட்டாவதாக ஓர் இடத்திலிருந்தும் பெட்டியைத் தூக்க வேண்டுமா என்ற பயம் உள்ளே இருந்தது. அதை மறைக்க வெளியே பந்தா ஜாஸ்தி. தலையில் தொப்பி, கழுத்தில் விசில், கையில் ஒரு ஃபைல். ஃபைலுக்குள் வெள்ளைத்தாள் மட்டும்தான் இருக்கும். ஆனால் பிள்ளைகள் தப்பு செய்யும்போதெல்லாம் அதைத் திறந்து பார்த்து, பெருமூச்சு விட்டு, மூடுவேன். ‘அக்கா’ என்று கூப்பிட்டவளிடம் ‘கோச்னு சொல்லு’ என்று திருத்தியிருக்கிறேன். இன்று நினைத்தால் எனக்கே என்னை ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள். ஒரே குறை, விசில் ஊதினால் நிற்க மாட்டார்கள். ஃபவுல் கொடுத்த பிறகும் உதைத்துக்கொண்டே ஓடுவார்கள். அப்புறம் ரெஃப்ரியோடு வாய்ச்சண்டை. முக்கியமாக ஜோஸ்பின். சிதம்பரம் பக்கத்துக் கிள்ளையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். எங்கள் தற்காப்பின் நடு ஆள். அவளைத் தாண்டிப் பந்து போகாது, அவள் வாயைத் தாண்டி வேறு யார் பேச்சும் போகாது.

அதனால் ஒரு புதுப் பயிற்சியைக் கண்டுபிடித்தேன். விசில் கேட்ட நொடியில் யார் எப்படி இருக்கிறார்களோ அப்படியே உறைந்து நிற்க வேண்டும். அசைந்தால் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும். மூன்று வாரம் தினமும் காலையில் இதுதான். கடைசியில் எப்படி ஆனார்கள் என்றால், நான் விசில் ஊதியதும் ஒருத்தி ஒற்றைக்காலில் நிற்பாள், ஒருத்தி கொட்டாவி விட்ட வாயோடு நிற்பாள். நடைப்பயிற்சிக்கு வரும் செம்மண்டலத்துப் பெரியவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். “மிலிட்டரியில கூட இப்பிடி இல்லம்மா” என்றார் ஒருவர். அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

மேட்ச்சுக்கு முதல் நாள் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார்.

“நாளைக்கு நான் வரட்டா பாப்பா?”

வாழ்க்கையில் முதல்முறையாக அவராகக் கேட்கிறார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்க வேண்டும். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், “வேணாம்பா. நீங்க வந்தா எனக்கு டென்ஷன் ஆயிரும்” என்றேன்.

“சரிம்மா” என்று போய்விட்டார்.

மறுநாள் சிதம்பரத்தில் நல்ல வெயில். எதிரணி கோச்சைப் பார்த்ததும் எனக்கு இன்னும் வேர்த்தது. பரிமளா. என்னுடைய மூன்றாவது அணியில் அவள் நிரந்தர ஆட்டக்காரி. அவளுக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று பெஞ்சில் காத்திருந்தவள் நான். (ஒரு வருடம் காத்திருந்தேன். இரும்பு உடம்பு அவளுக்கு.)

முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் மிச்சமிருந்தது. தாளாளர் அம்மாவிடம் எப்படி அடக்கமாகச் சிரிக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகையே ஆரம்பித்துவிட்டேன். அப்போது எங்கள் கோலை நோக்கி ஒரு நீளமான பந்து வந்தது. ஜோஸ்பின் நிதானமாக அதை எடுக்கப் போனாள். எதிர்த்திசையிலிருந்து பரிமளாவின் ஃபார்வர்டு, நல்ல திடகாத்திரமான பெண், முழு வேகத்தில் ஓடி வந்தாள்.

எங்கிருந்தோ ஒரு விசில். நீளமாக, ஒற்றையாக, கணீரென்று.

என் பதினோரு பிள்ளைகளும் உறைந்தார்கள். ஜோஸ்பின் உதைக்கத் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றாள். கோல்கீப்பர் இரண்டு கையையும் விரித்து, வரவேற்பு வளைவு மாதிரி நின்றாள். எதிரணிப் பெண்ணும் ஒரு நொடி தயங்கி ரெஃப்ரியைப் பார்த்தாள். அவர் ‘ஆடு’ என்று கையைக் காட்டினார். அவள் எங்கள் சிலைகளுக்கு நடுவில் புகுந்து, பந்தை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டாள்.

நான் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

“சார், விசில் சார்!”

“நான் ஊதல” என்றார் ரெஃப்ரி.

“வெளிய யாரோ ஊதிட்டாங்க! அதக் கேட்டுதான் பொண்ணுங்க நின்னுட்டாங்க. அப்பிடி ஊதுனா ஆட்டத்த நிறுத்திட்டு, பந்த டிராப் பண்ணிதானே ஆரம்பிக்கணும்? ரூல் இருக்கு சார்!”

“இருக்கு. யாரு ஊதுனாங்கன்னு தெரியணுமில்ல?” என்றவர், என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார்.

“சார்! என்னையா சந்தேகப்படுறீங்க?”

பரிமளா நிதானமாக நடந்து வந்தாள். “தோக்கப்போறப்பல்லாம் உனுக்கு ஒரு காரணம் கெடச்சிருதுல்ல?”

அவ்வளவுதான். எனக்குச் சாமி வந்துவிட்டது. ஊதினவனைக் கண்டுபிடிக்காமல் ஆட்டம் தொடரக் கூடாது என்று சத்தம் போட்டேன். போட்டிச் செயலாளர் மேஜையிலிருந்து, “வாயால சொன்னா ஆவாதும்மா. எழுத்துல குடுங்க” என்றார். என் ஃபைலுக்கு முதல்முறையாக வேலை வந்தது. வெள்ளைத்தாளை எடுத்து, முழங்காலில் வைத்து, எழுதினேன்: ‘மைதானத்தில் புகுந்து விசில் ஊதி ஆட்டத்தைச் சீர்குலைத்த சமூக விரோதியை உடனே கண்டுபிடித்து, மைதானத்தை விட்டு வெளியேற்றுமாறும், மேற்படி கோலை ரத்து செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

செயலாளர் அதைச் சும்மா வாசித்திருக்கலாம். மைக்கில் வாசித்தார். முழுவதும், என் பெயரோடு. ‘சமூக விரோதி’ என்ற இடத்தில் ஒலிபெருக்கி நன்றாக எதிரொலித்தது.

எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் கூட்டத்துக்குள் ஒருவர் மெதுவாக எழுந்தார். கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற சந்தனக் கலர் சட்டை. கையில் ஒரு துணிப்பை. இரண்டு தொண்டர்கள் ஓடிப்போய் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். அவர் ஆடுகளத்துக்குள் கால் படாமல் கோட்டுக்கு வெளியிலேயே சுற்றி, மரியாதையாக நடந்து வந்தார்.

“இவுருதாங்க. கேக்கறதுக்கு முன்னாடியே ஒத்துக்கினாரு” என்றான் ஒரு தொண்டன்.

அவர் என்னைப் பார்த்தார். “நான்தான் பாப்பா.”

“பாப்பாவா?” என்றாள் பரிமளா.

பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். சிதம்பரத்துப் பூமி அதற்கெல்லாம் அசையவில்லை. அப்பா துணிப்பையை என்னிடம் நீட்டினார். உள்ளே குளுக்கோஸ் பாக்கெட்டும், பிள்ளைகளுக்கு உரித்து வைத்த ஆரஞ்சுச் சுளைகளும் இருந்தன.

ரெஃப்ரி என் தாளை இரண்டு முறை படித்தார். “அம்மா, ரெண்டு கோரிக்கை வச்சிருக்கீங்க. ஊதுனது ஒங்க ஆளு. ஒங்க ஆளே ஊதிட்டு, அதுக்கு ஒங்களுக்கே சாதகமா நான் கோல ரத்து பண்ண முடியாது. மொதல் கோரிக்கைய ஏத்துக்குறேன்.” அப்பாவுக்கு வாசலைக் காட்டினார். அனுமதியில்லாமல் உள்ளே ஓடி வந்ததற்காக எனக்கு ஒரு மஞ்சள் அட்டையையும் காட்டினார். ரூல்படி அவர் செய்தது சரியா என்று நான் இன்றைக்கும் வாதாடுவேன். அன்றைக்குத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினேன்.

மிச்சப் பத்து நிமிடம் அதைவிட மோசம். என் பிள்ளைகளுக்கு விசில் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. ரெஃப்ரி நிஜமாகவே ஊதினாலும் நிற்காமல், ஓடிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து “இது யாருதுக்கா?” என்று கத்தினார்கள். இரண்டு பேர் மஞ்சள் அட்டை வாங்கினார்கள். கடைசி நிமிடத்தில், ஊதி முடித்த ஃபவுலுக்கு ஜோஸ்பின் பந்தை விட்டுவிட்டு ரெஃப்ரியோடு தர்க்கம் செய்துகொண்டிருக்க, பரிமளாவின் அணி சட்டென்று ஃப்ரீ கிக் எடுத்து இரண்டாவது கோலைப் போட்டது. முடிந்தது.

வேன் வாசலைத் தாண்டும்போது, மதில் ஓரம் கிடந்த சிமென்ட் குழாய் ஒன்றின் மேலிருந்து அப்பா இறங்கிக்கொண்டிருந்தார். மிச்ச ஆட்டத்தை அங்கே ஏறி நின்று பார்த்திருக்கிறார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளைகள்தான் வேனை நிறுத்தி அவரை ஏற்றினார்கள்.

வேன் பி.முட்லூரைத் தாண்டியது. அப்புறம் நான்தான் கேட்டேன்.

“ஏம்பா ஊதுனீங்க?”

“அந்தப் பொண்ணு வந்த வேகத்துக்கு, இது காலு முறிஞ்சிரும்னு நெனச்சிட்டேம்மா. கை தானா பாக்கெட்டுக்குப் போயிருச்சி. படியில யாரோ வழுக்குற மாதிரி.” பையிலிருந்த விசிலைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார். “பாண்டிச்சேரியில ஒனக்குக் கணுக்காலு. கோவாவுல தோள்பட்ட. அப்பறம் இந்த முட்டி. ஒவ்வொண்ணும் ஒங்கம்மா போன்ல சொல்லச் சொல்லக் கேட்டவன் நானு. நேர்ல பாக்குற தெம்பு எனக்குக் கெடையாது. இப்பதான் நீ ஆடுறதில்லியே, உக்காந்துதானே இருப்ப, தைரியமாப் போலாம்னு வந்தேன்.”

பத்து வருடத்துத் தலைவலிகளுக்கெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. தொப்பியை முகத்தின் மேல் இறக்கிக்கொண்டேன்.

பின் சீட்டிலிருந்து ஜோஸ்பின் எட்டிப் பார்த்தாள். “அங்கிள், ரெண்டு விசிலா குடுத்திருந்தா நாங்க போயிருப்பமே!”

வேனே சிரித்தது. அப்பாதான் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கல் பிடித்துக்கொண்டது.

நாலு நாள் கழித்துத் தாளாளர் அம்மா கூப்பிட்டார். அவர் மேஜை மேல் என் புகாரின் நகல். போட்டிக் குழுவிலிருந்து தபாலில் அனுப்பியிருந்தார்கள். அடியில் ஒரு குறிப்பு: ‘புகாரின்பேரில் பயிற்சியாளரின் தந்தை வெளியேற்றப்பட்டார்.’ நான் வீட்டில் பெட்டியைத் தூசி தட்டி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

“இவரு ஒங்க அப்பாவா?”

“ஆமாங்க மேடம்.”

“சொந்த அப்பான்னும் பாக்காம எழுதிக் குடுத்திருக்கீங்க.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேட்ச் இன்னிக்கித் தோக்கலாம், நாளைக்கி ஜெயிக்கலாம். இந்த நேர்மைய எங்க போயி வாங்குறது? எம் பொண்ணுங்களுக்கு இப்பிடி ஒருத்தர்தாம்மா வேணும்.”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அது தானாக மூடிக்கொண்டது.

பத்து வருடம் ஓடிவிட்டது, கல்யாணமும் ஆகிவிட்டது, அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். ஒவ்வொரு விளையாட்டு விழாவிலும் தாளாளர் அம்மா இந்தக் கதையை மேடையில் சொல்வார். முன்வரிசையில் அப்பா உட்கார்ந்து, தண்டனை பெற்றுத் திருந்தியவர் போலத் தலையை ஆட்டுவார். “நீங்களாவது நெசத்த சொல்லுங்களேன்பா” என்று ஒருமுறை கெஞ்சினேன். “எனுக்கு எதுக்கும்மா வம்பு, நானே ஒரு சமூக விரோதி” என்றுவிட்டார்.

எங்கள் வீட்டில் இப்போது எந்தக் குறையையும் வாயால் சொல்ல முடியாது. சாம்பாரில் உப்பு கம்மி என்றால்கூட “எழுத்துல குடுங்க” என்பார் அம்மா. போன மாதம் என் மகள், இரண்டாம் வகுப்பு படிப்பவள், ரூல் போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். பெறுநர், தாத்தா. லீவு நாளிலும் காலை ஐந்து மணிக்கு எழுப்பி ஓடச் சொல்லும் அம்மா மீது நடவடிக்கை எடுக்க வேண்டுமாம். அப்பா கண்ணாடி போட்டுப் படித்தார். என் அம்மாவைக் கலந்து ஆலோசித்தார். புகாரில் நியாயம் இருப்பதாகச் சொல்லி எனக்கு வாசலைக் காட்டினார்.

கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா கோலமாவு டப்பாவோடு நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா, காலங்காத்தால வெளிய நிக்குற?”

நான் பதில் யோசிப்பதற்குள், உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

“அவுங்க சமூக விரோதி ஆன்ட்டி!”