செவ்வாய் நானா போட்ட ஒரே லீவு

கற்பிட்டிக் கரையில் சூரியன்கூட ஒருநாள் லீவு போடலாம், செவ்வாய் நானா போடமாட்டார் என்று எங்கள் கந்தோரில் சத்தியமே செய்வோம். நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; பெற்றோர் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டுமே அறியும். மனநலப் பிரிவிலிருந்து செவ்வாய்தோறும் வீடற்ற குடும்பங்களைப் பார்க்கப் போவது அவர் வேலை. கோப்பு அடுக்குவது என் வேலை.

போர் முடிந்து சில வருடங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிய மாதம். ஆனி என்பார்கள் சிலர், ஆடிதான். வன்னியிலிருந்து வந்த ராணியும் கணவன் யோகனும் பிள்ளைகளோடு கண்டக்குழியில் ஒரு வெறும் மீன்வாடிக் கொட்டிலில் ஒதுங்கியிருந்தார்கள். ராணிக்கு உறக்கமில்லை, எழுந்து கடலை நோக்கி நடப்பாள். அவளைக் காவல்காத்தே யோகன் தொழிலுக்குப் போகவில்லை. பிள்ளைகள் அரைவயிறு. மருந்து எடுத்தால் சுகமாகும். ஆனால் முன்பு வந்த உத்தியோகத்தர்களெல்லாம் கேள்வி கேட்டு, படம் பிடித்து, காணாமல் போனவர்கள்.

ஆகவே நானாவை வரவேற்றது ஒரு வாளி உப்புத்தண்ணீர்.

"தங்கச்சி, அடுத்த செவ்வாயும் வாரன்," என்றுவிட்டுத் திரும்பினார். அடுத்த செவ்வாய் உச்சி வெயிலில் மழைக்கோட்டோடு போய் நின்றார்.

உள்ளேயிருந்து ராணியே கத்தினாள்: "நான் இல்லையெண்டு அந்தாளிட்டச் சொல்லுங்கோ!"

"சரி, வந்தாச் சொல்லுங்க, நான் வந்துட்டுப் போனண்டு," என்றார் யோகனிடம், முகம் மாறாமல்.

வாடிக்குச் சொந்தக்காரன் அவர்களைக் கலைத்துவிட்டான். குடும்பம் மாம்புரிக்கும் பிறகு எத்தாளைத் தோட்டக் கொட்டிலுக்கும் சொல்லாமல் போனது. ஐஸ் லொறிக்காரர்களை விசாரித்தே நானா செவ்வாய் தவறாமல் போய்ச் சேர்ந்தார். அவருடைய கலியாணமும் ஒரு செவ்வாயில்தான் வந்து தொலைத்தது. நிக்காஹ் முடிந்த கையோடு, கோட்டும் தொப்பியுமாக, மோட்டார் சைக்கிளில் புதுப்பெண்ணையும் ஏற்றிக்கொண்டு எத்தாளையில் இறங்கினார்.

"உங்களுக்கு விசரோ நானா?" என்று ராணி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எனக்கும் அப்பிடித்தான் தெரியிது," என்றாள் புதுப்பெண்.

ராணி சிரித்தாள். தேநீரும் வந்தது. அதன்பின் அவரோடு கதைத்தாள். ஆஸ்பத்திரி என்றால் மட்டும், "அங்க ஆரை நம்புறது?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பிறகு ஒரு செவ்வாய் நானா போகவில்லை. டெங்கு. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நான் அவருக்குச் சாப்பிடப் பாண் கொண்டுபோயிருந்தேன். வார்ட்டுக்குள் மூச்சிரைக்க நுழைந்தாள் ராணி; பின்னால் யோகன்.

"நானா, நேற்று என்ன கிழமை?"

"செவ்வாய், தங்கச்சி."

"தெரிஞ்சுகொண்டோ வராம விட்டனீங்கள்? கந்தோரில கேட்டா ஆஸ்பத்திரியெண்டாங்கள். நாங்கள் பயந்துபோனம்!"

நானாவை நலம் விசாரிக்க வந்திருந்த மனநல டொக்டர் மெதுவாக ஒரு கதிரையை நகர்த்தினார். ராணி நானாவைப் பார்த்தாள்.

"நம்மட ஆள்தான். இருங்க தங்கச்சி."

அவள் உட்கார்ந்தாள். "எனக்கு நித்திரை வாறேல்லை, டொக்டர்..."

அன்று தொடங்கிய மருந்துதான் பின்னர் யோகனை நிம்மதியாகக் கடலுக்கு அனுப்பியது. அவள் சொல்லச் சொல்ல, நானா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. என்னவென்று தாதி ஓடிவந்தாள். காய்ச்சல் நடுக்கம் என்று நான்தான் பொய் சொல்லி அனுப்பிவைத்தேன்.